ஏழு கட்டங்களை நிரப்ப எந்தக் கருவி வேண்டும்?

அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் புத்தகம் ஏற்றியவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியும். தலைப்பு, துணைத்தலைப்பு, விவரம் எல்லாம் எழுதிக் களைத்துப்போன நேரத்தில் கீவேர்டுகளுக்கென்று, அதாவது வாசகர்கள் தேடும் சொற்களுக்கென்று, ஏழு காலிக் கட்டங்கள் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் 50 எழுத்துகள் வரை இடலாம். பலர் "நாவல்", "காதல்", "குடும்பம்" என்று ஏழு ஒற்றைச் சொற்களைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து விற்பனை ஏறவில்லை என்று புலம்பும்போது யாராவது "கீவேர்டு பார்த்துப் போட்டீங்களா?" என்று கேட்பார்கள். அங்கே தொடங்கும் குழப்பம். இலவசமாகவே தேடிக்கொள்ளலாமா, புத்தகத்துக்கென்றே விற்கும் கருவியை வாங்கலாமா, மாதச் சந்தா கட்டலாமா, இல்லை அந்தப் பணத்தை நேராக விளம்பரத்தில் போட்டுவிடலாமா?

இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிடைக்கிற விடையை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? முடித்துவிட்ட ஒரு புத்தகத்துக்கு ஏழு கட்டங்களை நிரப்பவா? அடுத்து எதை எழுதுவது என்று முடிவெடுக்கவா? விளம்பரம் ஓட்டவா? எந்தக் கருவி சிறந்தது என்ற சண்டை பாதி நேரம் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

## எடை போடும் முன்

முதலில் பார்க்க வேண்டியது, கருவி காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை. ஒரு சொல் தன் கடையில் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்ற கணக்கை அமேசான் எழுத்தாளர்களுக்குத் தருவதில்லை. ஆகவே வெளியார் செய்த கருவி எதுவானாலும், அது காட்டும் தேடல் எண்ணிக்கை ஒரு மதிப்பீடு. "இந்தப் புத்தகம் மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறது" என்று காட்டுகிறதே, அதுவும் அப்படித்தான். விற்பனைத் தரவரிசையைப் பார்த்து, இந்த இடத்தில் இருக்கும் புத்தகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இத்தனை பிரதி விற்கும் என்று பின்னோக்கிப் போடும் கணக்கு அது. திரையில் 1,240 என்று துல்லியமாகத் தெரிவதால் அது அளந்து எடுத்த எண் ஆகிவிடாது. இந்தச் சொல் பெரியது, அந்தச் சொல் சிறியது என்று ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, தேடுகிறவர் எங்கே நின்று தேடுகிறார்? கூகுளில் "தூக்கம் வரவில்லை" என்று அடிப்பவருக்கு இந்த இரவே ஒரு வழி வேண்டும். புத்தகம் வாங்கும் எண்ணம் அவருக்கு இருக்க வேண்டியதில்லை. அதையே புத்தகக் கடையின் தேடல் பெட்டியில் அடிப்பவர் கிட்டத்தட்ட பர்ஸைக் கையில் எடுத்துவிட்டார்.

மூன்றாவது, உங்கள் புத்தகம் எந்த வகை? இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. கட்டுரை நூல், வழிகாட்டி நூல் வாங்குகிறவர்கள் பிரச்சினையைத் தேடுவார்கள். கதை வாசகர்கள் அப்படித் தேடுவது குறைவு. பிடித்த எழுத்தாளரின் பெயரை அடிப்பார்கள், இல்லாவிட்டால் "மெதுவாக நகரும் காதல்", "சிற்றூர்த் துப்பறிவாளர்" என்று ஒரு வகைமையைச் சொல்லித் தேடுவார்கள், அதுவும் இல்லையென்றால் அட்டைப்படங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதனால் ஒரே கருவி சர்க்கரை நோய் உணவு நூலுக்குக் கொடுக்கும் பலனை ஒரு குடும்ப நாவலுக்குக் கொடுக்காது. நாவலாசிரியர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிறகு வருத்தம் இருக்காது.

அப்புறம் பணமும் நேரமும். நேரத்தைச் செலவாகக் கணக்கிடாமல் விடுவதுதான் சுயபதிப்பில் நடக்கும் பெரிய கணக்குப் பிழை.

## கடையின் தேடல் பெட்டி

அமேசானில் கிண்டில் பிரிவைத் தேர்ந்துகொண்டு ஒரு சொல்லை அடிக்கத் தொடங்கினால், கீழே பரிந்துரைகள் வரிசையாக வந்து விழும். வாசகர்கள் தேடுகிற விதத்திலிருந்துதான் அவை பிறக்கின்றன. முதற்சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அகர வரிசையில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தால் ஒரு மாலைக்குள் அறுபது, எழுபது சொற்றொடர்கள் சேர்ந்துவிடும். உங்கள் சொந்தத் தேடல் வரலாறு முடிவுகளைக் கெடுக்காமல் இருக்க இன்காக்னிட்டோ சன்னலில், கணக்கில் நுழையாமல் செய்ய வேண்டும்.

சேர்த்த பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது. பரிந்துரைகளில் மற்ற எழுத்தாளர்களின் பெயர்கள் வரும், "கிண்டில் அன்லிமிடெட்" என்ற அமேசான் சந்தாத் திட்டத்தின் பெயர் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டையும் ஏழு கட்டங்களில் போடக் கூடாது என்பது கேடிபியின், அதாவது நாம் புத்தகம் ஏற்றும் அமேசானின் சுயபதிப்புத் தளத்தின், விதி. "சிறந்த நாவல்" போன்ற தற்புகழ்ச்சியும், "புதியது", "தள்ளுபடி" போன்ற நேரம் சார்ந்த சொற்களும், வேண்டுமென்றே செய்யும் எழுத்துப் பிழைகளும் அதே பட்டியலில் உள்ளவை. தலைப்பில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத் திரும்ப இடுவது வீண்.

மிஞ்சுகிற ஒவ்வொரு சொற்றொடரையும் தேடி, முதல் பக்கத்தில் வரும் புத்தகங்களைக் கண்ணால் பாருங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் அங்கே இருக்கிறது. அட்டைகள் எப்படி இருக்கின்றன? உங்கள் புத்தகம் அந்தக் கூட்டத்தில் உட்காருமா? ஒரு சொற்றொடருக்கு வந்த புத்தகங்கள் எல்லாம் வேறு சாதிப் புத்தகங்களாக இருந்தால், எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது உங்கள் சொல் இல்லை. கூடவே, முதல் சில புத்தகங்களின் தரவரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே பாதாளத்தில் கிடந்தால் அந்தச் சொல்லைத் தேடுபவர்களே குறைவு. எல்லாமே உச்சியில் இருந்தால் புதியவருக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். ஒரு புத்தகத்துக்கு நான்கைந்து மணி நேரம் என்றால் சரி. பத்துப் புத்தகம் வைத்திருப்பவர் இதைப் பத்து முறை செய்ய வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும். பரிந்துரை வருகிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது என்பது இன்னொரு குறை. இரண்டு சொற்களில் எது பெரியது என்று இந்த வழியில் சொல்ல முடியாது.

## கூகுளின் இலவசக் கருவிகள்

கூகுளில் ஒரு சொல் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கீவேர்டு பிளானர் இலவசம், ஆனால் கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். விளம்பரத்துக்குச் செலவே செய்யாத கணக்குகளுக்கு அது "1,000 முதல் 10,000 வரை" என்று அகலமான இடைவெளியாகத்தான் காட்டும். கூகுள் டிரெண்ட்ஸோ எண்ணிக்கையே சொல்லாது. உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதன் பங்காகக் காட்டும்.

இரண்டும் புத்தகக் கடையின் தேடலைக் காட்டுவதில்லை என்பதால் ஏழு கட்டங்களுக்கு இவற்றை நம்ப வேண்டாம். எனக்கு டிரெண்ட்ஸ் உதவியது ஒரே விஷயத்தில்: பருவம். உடல் எடை, உடற்பயிற்சி சார்ந்த தேடல்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் எழும்பி அடங்குவதை அதில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த மாதிரி நூலை மார்ச்சில் வெளியிடுகிறவர் அலை போனபின் வலை வீசுகிறார். உங்களுக்கென்று வலைத்தளம் வைத்து, அதில் கட்டுரை எழுதி அதன் வழியாகப் புத்தகம் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிளானருக்கு வேலை இருக்கிறது.

## புத்தகத்துக்கென்றே செய்த கருவிகள்

இந்த வரிசையில் அதிகம் பேசப்படுவது பப்ளிஷர் ராக்கெட். முதலில் கேடிபி ராக்கெட் என்ற பெயரில் வந்தது. கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள், ஒரே தடவை கட்டணம். ஒரு சொல்லைக் கொடுத்தால் தொடர்புள்ள சொற்றொடர்கள், மதிப்பிட்ட தேடல் அளவு, அந்தச் சொல்லில் நிற்கும் புத்தகங்களின் மதிப்பிட்ட வருமானம், 100க்கு இத்தனை என்று ஒரு போட்டி மதிப்பெண் எல்லாம் வரும். கடையில் புத்தகங்களை வகைப்படுத்தி வைக்கும் பிரிவுகளை ஆராயவும், விளம்பரத்துக்கான சொற்களை மொத்தமாகச் சேர்க்கவும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. கேடிஸ்பை இதைவிட எளிமையானது. பிரவுசர் எக்ஸ்டென்ஷனாக உட்கார்ந்துகொண்டு, நீங்கள் பார்க்கும் தேடல் பக்கத்திலுள்ள புத்தகங்களின் தரவரிசையையும் மதிப்பிட்ட விற்பனையையும் அட்டவணையாக்கிக் கொடுக்கும்.

இந்தக் கருவிகளின் நிஜமான பலம் ஏழு கட்டங்களில் இல்லை என்பது என் கருத்து. பிரிவுத் தேர்வில்தான் இருக்கிறது. 2023இலிருந்து கேடிபியில் ஒரு புத்தகத்துக்கு மூன்று பிரிவுகளை நாமே தேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன் இரண்டைத் தேர்ந்துவிட்டு, மீதியைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தோம். மூன்றே இடம் என்றானபின் எந்தப் பிரிவு என்பது கனமான முடிவு. ஒரு பிரிவில் முதலிடம் பிடிக்க ஒரு நாளைக்கு எத்தனை பிரதி விற்க வேண்டியிருக்கும் என்பதை மதிப்பீடாகவேனும் பல பிரிவுகளுக்கு வரிசையாகப் பார்க்க முடிவது பெரிய வசதி. கையால் செய்தால் ஒரு நாள் போகும்.

இன்னும் எழுதாத புத்தகத்துக்கும் இவை உதவும். "முதியோர் உடற்பயிற்சி" எழுதலாமா, "நாற்காலியில் அமர்ந்தபடி யோகா" எழுதலாமா என்ற தயக்கத்தில், எங்கே தேடல் இருந்து நல்ல புத்தகம் குறைவாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். எழுதி முடித்த பிறகு இதே தகவல் கிடைத்தால் வருத்தப்படத்தான் பயன்படும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமல்ல. மதிப்பெண் பச்சையில் இருப்பதைப் பார்த்து, புத்தகத்துக்கு அரைகுறையாகப் பொருந்தும் சொல்லைப் போடும் ஆசை வரும். அந்தச் சொல்லால் வந்து சேர்கிறவர்கள் அட்டையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள், வாங்கினால் ஏமாந்த விமர்சனம் எழுதுவார்கள். இன்னொன்று மொழி. ஆங்கிலம் போன்ற பெரிய சந்தைகளை மனத்தில் வைத்துச் செய்த கருவிகள் இவை. தமிழில் எழுதுகிறவர் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். நம் வாசகர்களில் சிலர் தமிழ் எழுத்தில் தேடுவார்கள், சிலர் அதே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். "நாவல்" என்பாரும் உண்டு, "புதினம்" என்பாரும் உண்டு. இதையெல்லாம் கடையின் தேடல் பெட்டியில் நேரடியாகச் சோதித்துக்கொள்வதுதான் வழி.

## மாதச் சந்தாக் கருவிகள்

ஹீலியம் 10, ஜங்கிள் ஸ்கவுட் போன்றவை அமேசானில் எல்லாவிதப் பொருளும் விற்கும் வியாபாரிகளுக்காகச் செய்தவை. ஹீலியம் 10இன் செரிப்ரோ என்ற பகுதியில் ஒரு பொருளின் அடையாள எண்ணைக் கொடுத்தால், அது எந்தெந்தத் தேடல்களில் தென்படுகிறது என்று பட்டியலிடும். போட்டிப் புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிரித்துப் பார்க்க அருமையான வழி. ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் வகையறா வலைத்தளம் நடத்துபவர்களுக்கானவை. புக் போல்ட் குறிப்பேடு, நாட்குறிப்பு, புதிர்ப் புத்தகம் போன்ற உள்ளடக்கம் குறைந்தவற்றைத் தொடர்ந்து வெளியிடுபவர்களுக்கு. அங்கே தேடுசொல்தான் தொழிலே. ஒரு கோட்டு நோட்டை இன்னொன்றிலிருந்து பிரிப்பது யாருக்கான நோட்டு என்ற சொல் மட்டுமே என்பதால் சந்தா நியாயமாகலாம்.

ஒன்றிரண்டு புத்தகம் வைத்திருப்பவருக்கு இவை தேவையில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். நானே ஒருமுறை தள்ளுபடி என்று மயங்கி ஒரு நிறுவனத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். மூன்று முறை திறந்தேன். ஆண்டு முடிவில் அது தானாகப் புதுப்பித்துக்கொண்டதை வங்கிக் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் கவனித்தேன். சந்தாவின் மறைந்த செலவு இதுதான்: நமக்கு வேலை இருப்பது புத்தகம் வெளியாகும் ஓரிரு வாரம், கட்டணம் ஓடுவது பன்னிரண்டு மாதம். கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி, பட்டியலை இறக்கிக்கொண்டு, அன்றே ரத்து செய்துவிடுங்கள்.

## விளம்பரத்தையே கருவியாக்குவது

மேலே சொன்ன எல்லாமே வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவை. உள்ளிருந்து வரும் தகவல் ஒரே இடத்தில் கிடைக்கிறது: அமேசான் விளம்பரத்தின் தேடல் சொல் அறிக்கை.

தேடல் முடிவுகளுக்கு நடுவே புத்தகத்தைக் காட்டும் ஸ்பான்சர்ட் பிராடக்ட்ஸ் விளம்பரத்தைத் தானியங்கி முறையில் தொடங்கினால், எந்தச் சொல்லுக்கு உங்கள் புத்தகத்தைக் காட்டுவது என்று அமேசானே முடிவுசெய்யும். சில வாரம் ஓடியதும் அறிக்கையை இறக்கினால், வாசகர் உள்ளபடி அடித்த சொல், அதற்கு எத்தனை கிளிக், எத்தனை விற்பனை என்று இருக்கும். இதில் மதிப்பீடு எதுவும் இல்லை. "குழந்தை வளர்ப்பு" என்று நாம் நினைத்திருப்போம். வந்தவர்கள் "பிடிவாதக் குழந்தை" என்று அடித்து வந்திருப்பார்கள். அந்தச் சொல்லை ஏழு கட்டங்களுக்குள் கொண்டுபோய் வைக்கலாம், அதே சொல்லை அடிப்பவருக்கு மட்டும் காட்டும் துல்லியப் பொருத்தம் கொண்ட தனி விளம்பரமாகவும் ஓட்டலாம். சம்பந்தமில்லாத சொற்களை எதிர்மறைப் பட்டியலில் போட்டு அடைக்கலாம்.

ஆனால் கணக்கு போட்டுவிட்டு இறங்க வேண்டும். மின்நூல் விலை 3.99 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமேசானின் அமெரிக்கக் கடையில் 2.99 முதல் 9.99 வரையிலான விலைக்கு 70 சதவீத ராயல்டி உண்டு. கோப்பின் அளவைப் பொறுத்த சிறு அனுப்புக் கட்டணத்தை விட்டுவிட்டால் கையில் 2.79 நிற்கும். ஒரு கிளிக் 0.35 டாலர், பன்னிரண்டு கிளிக்குக்கு ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒரு விற்பனைக்கு 4.20 செலவு. ஒவ்வொரு பிரதியிலும் 1.41 நட்டம்.

அதே புத்தகம் மூன்று பாகத் தொடரின் முதல் பாகமாக இருந்து, வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டாவதையும், அவர்களில் பாதிப் பேர் மூன்றாவதையும் வாங்கினால், ஒரு வாசகரிடமிருந்து சராசரி 4.88 வரும். நட்டம் சிறு லாபமாகிவிடும். விளம்பரம் தொடர் எழுதுகிறவர்களுக்குக் கைகொடுத்து, தனி நாவல் எழுதியவரைக் கடிப்பது இதனால்தான். 0.99 டாலருக்கு விற்கும் புத்தகத்துக்கு ராயல்டி 35 சதவீதம்தான். அதாவது ஒரு பிரதிக்கு வருவது இந்தக் கணக்கின்படி ஒரு கிளிக்கின் விலை. அந்த விலையில் விளம்பரம் ஓட்டிச் சம்பாதிப்பதை மறந்துவிடுங்கள்.

சரி, லாபத்துக்காக இல்லாமல் தகவலுக்காக ஓட்டினால்? அப்போது இந்தச் செலவு ஆராய்ச்சிக் கட்டணம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சிறு வரம்பு வைத்து, மொத்தம் எவ்வளவு இழக்கத் தயார் என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிட்டுச் சில வாரம் ஓட்டலாம். ஒரு கருவியின் விலையே அந்த வரம்பு என்று வைத்துக்கொள்வது நல்ல அளவுகோல். அதற்கு முன் அட்டையும் விவரமும் செம்மையாக இருக்க வேண்டும். மோசமான அட்டையோடு விளம்பரம் ஓட்டினால், சொல் தவறா அட்டை தவறா என்றே தெரியாமல் பணம் போகும். இன்னொரு வித்தியாசம்: ஏழு கட்டங்களில் தடைசெய்யப்பட்ட பிற எழுத்தாளர் பெயர்களை விளம்பரத்தில் இலக்குச் சொல்லாக வைப்பது சகஜம். கதை வாசகர்கள் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்கள் என்பதால், நாவலாசிரியர்களுக்கு விளம்பரத்தில்தான் அந்த வாசகர்களை எட்ட வாய்ப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | எண் எங்கிருந்து | கட்டணம் | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| தேடல் பெட்டி | கடையின் பரிந்துரை, எண் கிடையாது | இல்லை | பல மணி நேரம் | ஒன்றிரண்டு புத்தகம், ஆங்கிலம் அல்லாத மொழி |
| கூகுள் கருவிகள் | வலைத் தேடல் | இல்லை | வாங்கும் எண்ணமில்லாத தேடல்களை நம்பிவிடுவது | பருவம் பார்க்க, வலைத்தளம் நடத்த |
| புத்தகக் கருவி | மதிப்பீடு | ஒரே தடவை | பொருந்தாத சொல்லின் மேல் ஆசை | பிரிவுத் தேர்வு, அடுத்த நூலின் பொருள் |
| சந்தாக் கருவி | மதிப்பீடு | மாதம் அல்லது ஆண்டு | பயன்படுத்தாத மாதங்கள் | நிறைய வெளியிடுபவர்கள் |
| விளம்பர அறிக்கை | நிஜத் தேடலும் விற்பனையும் | ஒவ்வொரு கிளிக்குக்கும் | அட்டை சரியில்லாவிட்டால் முழு இழப்பு | தொடர் நூல், விலை 2.99க்கு மேல் |

சாட்பாட்டிடம் கேட்கலாமே என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஒரு கருவுக்கு நாற்பது வேறு சொற்களைச் சொல்லும், நமக்குத் தோன்றாத கோணமும் வரும். ஆனால் தேடல் எண்ணிக்கை கேட்டால் அதற்கும் ஒரு பதில் சொல்லும், அதை நம்பக் கூடாது. அது கொடுத்த சொற்களைத் தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்து, பரிந்துரையில் வருகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## யார் எதை எடுப்பது

முதல் நாவலை வெளியிடுகிறவர் எதையும் வாங்க வேண்டாம். ஒரு மாலை தேடல் பெட்டியோடு உட்காருங்கள். மிச்சமாகும் பணம் அட்டைக்குப் போகட்டும்.

வழிகாட்டி நூல்கள் எழுதுகிறவர், ஆண்டுக்கு இரண்டு மூன்று கொண்டுவரும் திட்டமும் இருந்தால், ஒரே தடவைக் கட்டணக் கருவியை எழுதத் தொடங்கும் முன்பே வாங்கலாம். இரண்டாவது புத்தகத்திலேயே மிச்சமாகும் நேரத்தில் விலை கழிந்துவிடும்.

மூன்று பாகமாவது முடித்த தொடர் கையில் இருந்தால் கருவியைத் தாண்டி நேராக விளம்பரத்துக்குப் போகலாம். தொடர் பாதியில் நிற்கும்போது ஓட்டினால் இரண்டாம் பாகத்தைத் தேடி வரும் வாசகருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

வெளிவந்து வெகுநாளாகி விற்பனை அடங்கிப்போன புத்தகத்துக்கு முதல் வேலை கட்டங்களை மாற்றுவது. அதற்குச் செலவில்லை, மாற்றம் கடையில் தெரிய மூன்று நாள் வரை ஆகலாம். ஏழையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. இரண்டை மாற்றி ஒரு மாதம் பாருங்கள், பழைய சொற்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். மின்நூலுக்கும் அச்சுப் பதிப்புக்கும் தனித்தனியாக ஏழு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே சொற்களை வைத்திருந்தால், சோதனையை அச்சுப் பதிப்பின் கட்டங்களிலேயே தொடங்கலாம், மின்நூலைத் தொட வேண்டியதில்லை.